வன்னியின் அவசர சேவைகளும் ஆளணிக் கேள்வியும்

"மேலதிக சிகிச்சைக்காக யாழ். போதனா வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டார்." வன்னிச் செய்திகளை ஒழுங்காக வாசிப்பவர்களுக்கு இந்த வரி மனப்பாடமாகியிருக்கும். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளும் டிப்பரும் மோதிய செய்தியில் இது வரும். ஒட்டுசுட்டான் பக்கம் யானை தாக்கியவரின் செய்தியிலும், துணுக்காயில் வயலுக்குப் போய்ப் பாம்பு கடிபட்டவரின் செய்தியிலும் வரும். அடுத்த வரி பல வேளைகளில் "சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்" என்று முடிந்துவிடும். அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே கிடப்பது தூரம். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 65 கிலோமீற்றருக்குக் குறையாது. முல்லைத்தீவிலிருந்து 100 கிலோமீற்றருக்கு மேல். வவுனியாவிலிருந்து 140 அளவில் வரும் என்பதால் அங்குள்ளவர்கள் அனுராதபுரத்துக்கு ஓடுகிறார்கள்.

போர் முடிந்த பின்னான ஆண்டுகளில் அரசும், அரசின் ஊடாக வெளிநாடுகளும் வன்னியின் அவசர சேவைகளில் கணிசமான பணம் போட்டிருக்கின்றன. வைத்தியசாலைகளில் புதிய கட்டடங்கள் எழுந்தன. 1990 என்ற இலக்கத்தை அழுத்தினால் நோயாளர் காவு வண்டி வருகிறது. கிளிநொச்சிக்குத் தீயணைப்புப் பிரிவு வந்தது. அந்தத் தூரத்தை இந்த முதலீடு எவ்வளவு குறைத்தது என்று கேட்க வேண்டும். இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை கொடுத்தது என்றும் கேட்க வேண்டும். பொதுவாக முதலாவதைச் சுகாதாரப் பிரச்சினை என்றும், இரண்டாவதை வேலைவாய்ப்புப் பிரச்சினை என்றும் தனித்தனியாகப் பேசுகிறோம். வன்னியில் அவை ஒரே கேள்வி என்பது என் முடிவு.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து இருந்தவர்கள் நான்கு இலட்சத்துக்கும் குறைவு. யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் ஐந்தே முக்கால் இலட்சத்துக்கு மேல். ஆனால் இந்த மூன்று மாவட்டங்களின் பரப்பு யாழ்ப்பாணத்தைப் போல ஐந்து மடங்கைத் தாண்டும். தலைக்கணக்குப் பார்த்து வளங்களைப் பங்கிடும் எந்த முறையும் இந்த நிலத்தில் பிழைத்துப் போகும். அந்த மதிப்பீட்டைப் பார்த்து, முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு இலட்சம் பேர்கூட இல்லை என்று கணக்கெழுதி ஒரு வண்டியை ஒதுக்கலாம். அந்த ஒரு வண்டி கொக்கிளாயில் நிற்கும்போது பாண்டியன்குளத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால் என்ன செய்வது? காடும் குளமும் வயலும் நடுவே கிடக்கும் பிரதேசத்தில் ஆளுக்கு எத்தனை வண்டி என்பதைவிட, கடைசி வீட்டுக்கு எத்தனை நிமிடம் என்பதே பொருத்தமான அளவுகோல்.

அவசரம் என்ற சொல்லை வன்னி மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் முல்லைத்தீவு நகரை ஒரு காலைப்பொழுதில் அழித்தது. 2009இல் போரில் காயப்பட்டவர்களைப் புதுமாத்தளன் கரையிலிருந்து சர்வதேச செஞ்சிலுவைக் குழு 'கிறீன் ஓசன்' கப்பலில் ஏற்றியது. பெப்ரவரியிலிருந்து மே வரை நோயாளிகளும் உடன் சென்றவர்களுமாக ஏறத்தாழ 14,000 பேர் கடல் வழியே வெளியேற்றப்பட்டார்கள். அந்த நாட்களில் மருந்தும் மின்சாரமும் இல்லாத இடங்களில் காயம் கட்டியவர்களில் பலர் இந்த ஊர்ப் பிள்ளைகள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர்களும், தொண்டர்களாக வைத்தியசாலைக்கு வந்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பின்னாளில் என்ன மதிப்புக் கிடைத்தது என்பதற்குக் கீழே வருகிறேன்.

செய்யப்பட்டவற்றுள் நன்றாகச் செய்யப்பட்டது 1990 சுவசெரிய சேவை. இந்தியாவின் நன்கொடையோடு 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் தொடங்கியது. 2018 ஜூலை 21இல் யாழ்ப்பாணத்தில் நடந்த நிகழ்வோடு வடக்குக்கும் வந்தது. நாடு முழுவதுக்குமாக 297 வண்டிகள். அதே ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டு ஒரு மன்றமும் அமைந்தது. இந்தச் சேவையின் பலம் அதன் கட்டமைப்பில் இருக்கிறது. வண்டியோடு ஆளும் சேர்ந்தே திட்டமிடப்பட்டார்கள். பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர் பின்னால் இருக்கிறார். அவர் நோயாளியை ஏற்றிய இடத்திலேயே ஒட்சிசன் கொடுக்கிறார், இரத்தத்தைக் கட்டுப்படுத்துகிறார், கழுத்தெலும்பு அசையாமல் பிடிக்கிறார். கட்டணம் இல்லை. இதற்கு முன்னர் நெடுங்கேணிக்கு அப்பால் மருதோடையில் ஒருவர் விழுந்தால் வாடகை வான் தேட வேண்டும். வான் இல்லையென்றால் உழவு இயந்திரப் பெட்டியில் சாக்கு விரித்து ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றிய கைகளில் ஒன்று என்னுடையது. கிரவல் வீதியின் ஒவ்வொரு குழியிலும் அந்த மனிதர் முனகியது இன்றும் காதில் இருக்கிறது. ஆகவே 1990ஐப் பற்றி எழுதும்போது முதலில் நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்ல முடியும்.

குறை இதுதான். அழைப்பு கொழும்பில் உள்ள மையத்துக்குப் போகிறது. தமிழில் பேசலாம். ஆனால் "எங்கே நிற்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு வன்னியில் கிடைக்கும் பதில் இலக்கமும் வீதியும் கொண்ட முகவரியாக இருக்காது. "டி8 வாய்க்கால் தாண்டி, முன்பள்ளிக்குப் பின்னால்", "குளக்கட்டால் வந்து வைரவர் கோயிலடியில் திரும்புங்கோ" என்றுதான் சொல்வார்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் குடியேற்றங்கள் வாய்க்காலின் பெயரிலும் யூனிட்டின் பெயரிலும் அமைந்தவை. மீள்குடியேறிய கிராமங்கள் பலவற்றில் வீட்டு இலக்கம் கிராம அலுவலரின் பதிவேட்டில் இருக்கும், வாசலில் இருக்காது. அக்கராயனில் வளர்ந்த சாரதிக்கு இந்தப் பதில் போதும். வேறு மாகாணத்திலிருந்து போன மாதம் வந்தவருக்குப் போதாது. அவர் பிரதான வீதியில் நின்று திரும்பத் திரும்பத் தொலைபேசி எடுப்பார். கட்டுவிரியனோ கண்ணாடி விரியனோ கடித்தவருக்கு அந்தப் பத்து நிமிடம் சிறுநீரகமாகவும் மூச்சாகவும் கழிகிறது. உள்ளூர் ஆளை நியமிப்பது கருணைக்காகச் செய்யும் காரியம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். இடம் தெரிந்திருப்பது இந்தத் தொழிலில் ஒரு தகைமை.

வைத்தியசாலைகளின் கதை வேறு. நெதர்லாந்து அரசின் உதவியோடு நடந்த வட மாகாணச் சுகாதாரத் திட்டத்தின் பயனாக வன்னியில் பெரிய கட்டடங்கள் எழுந்தன. கிளிநொச்சி மாவட்ட பொது வைத்தியசாலையில் பெண்களுக்கான சிறப்புச் சிகிச்சை நிலையம், மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் புனர்வாழ்வுச் சிகிச்சைப் பிரிவு, வவுனியா மாவட்ட பொது வைத்தியசாலையில் அவசர சிகிச்சைக்கும் இதய, சிறுநீரக நோய்களுக்குமான பிரிவுகள் என்பவை அவற்றில் முக்கியமானவை. கிளிநொச்சி, மாங்குளம் நிலையங்களை 2024 மே மாதத்தில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க திறந்து வைத்தார். இவற்றைத் தேர்ந்தெடுத்த முறையில் பிழை காண மாட்டேன். போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் கால் இழந்தவர்களும் இன்னும் வாழும் பிரதேசத்தின் நடுவில், ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் மாங்குளத்தில், புனர்வாழ்வுப் பிரிவு அமைந்தது சரியான முடிவு. சிறுநீரக நோய் பரவிய வவுனியாவுக்கு அதற்கான பிரிவு கிடைத்ததும் அப்படியே.

ஆனால் கட்டடம் மூலதனச் செலவில் வருகிறது. ஆட்களுடைய சம்பளம் மீண்டெழும் செலவில் வருகிறது. முதலாவதற்கு வெளிநாட்டு உதவி உண்டு, அடிக்கல் உண்டு, நாடா வெட்டும் நாள் உண்டு. இரண்டாவதற்குத் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் ஆளணியை அங்கீகரிக்க வேண்டும். அதன் பின் விண்ணப்பம், பரீட்சை, நேர்முகம், நியமனம், பயிற்சி. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அரச சேவைக்குப் புதிதாக ஆள் எடுப்பது இறுக்கப்பட்டது. அதே காலத்தில் வைத்தியர்களும் தாதியரும் வெளிநாடு போனார்கள். கட்டடத்துக்கான பணத்தைக் கேட்கும் அறிக்கையிலேயே, திறப்பு நாளன்று கடமையில் நிற்க வேண்டியவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று எழுதிக் கையொப்பம் வாங்கும் வழக்கம் நமக்கு இல்லை. இந்த முதலீட்டு முறையின் அடிப்படைக் குறை இது. கட்டி முடித்த பின்னர் ஆளணிக்காக மனுக் கொடுப்பதும், பக்கத்து வைத்தியசாலையிலிருந்து ஆட்களைப் பிடுங்கி வைப்பதும் அந்தக் குறையிலிருந்து பிறப்பவை. மாங்குளத்துக்கு ஒரு தாதியை அனுப்பினால் மல்லாவியில் ஒரு கடமை வெறுமையாகிறது.

இரவு பகல் இயங்கும் சேவைக்கு ஆள் கணக்கு எப்படி வருகிறது என்பதை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. வாரத்துக்கு 168 மணித்தியாலம். ஒருவர் 40 மணித்தியாலம் வேலை செய்தால் ஒரு கதிரையை இடைவிடாமல் நிரப்ப நான்கு பேருக்கு மேல் வேண்டும். விடுமுறை, நோய், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர். இருவர் செல்லும் ஒரு காவு வண்டிக்குப் பத்துப் பேர். ஐந்தாறு பேர் ஏறும் ஒரு தீயணைப்பு வண்டிக்கு இருபத்தைந்து முதல் முப்பது பேர். ஒரு வண்டி, ஒரு சாரதி, ஒரு உதவியாளர் என்று எழுதினால் மாலை நான்கு மணிக்குப் பிறகு அங்கே சேவை இல்லை என்று பொருள். இதே கணக்கை மறுபக்கமாகத் திருப்பிப் பாருங்கள். முல்லைத்தீவில் முறையான ஒரு தீயணைப்பு நிலையம் வைத்தால் முப்பது குடும்பங்களுக்கு நிரந்தர வருமானம். ஒட்டுசுட்டானிலும் துணுக்காயிலும் வெலிஓயாவிலும் மேலதிகமாக ஒவ்வொரு காவு வண்டி நின்றால் இன்னும் முப்பது. கடலும் வயலும் பருவம் பார்த்துக் கொடுக்கும் மாவட்டத்தில், மாதம் தவறாமல் வரும் அறுபது சம்பளம் சிறிய காரியமல்ல. அந்தப் பணம் முள்ளியவளைச் சந்தையிலும் மல்லாவிக் கடைகளிலுமே செலவாகும்.

தீயணைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம். இலங்கையில் இது உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. வசதியுள்ள மாநகர சபை வைத்திருக்கும், வசதியில்லாத பிரதேச சபை வைத்திருக்காது. 2016 செப்ரெம்பர் 16ஆம் திகதி இரவு கிளிநொச்சிப் பொதுச் சந்தை தீப்பிடித்தபோது கிளிநொச்சிக்கென்று தீயணைப்பு வண்டி இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வர வேண்டியிருந்தது. அது வந்து சேரும் முன்னர் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் சாம்பலாகின. புடைவைக் கடைக்காரர்களும் பழக்கடைக்காரர்களும் மீள்குடியேறிய பிறகு கடன்பட்டுத் தொடங்கிய தொழில்கள் அவை. அதன் பின்னரே கரைச்சிப் பிரதேச சபையின் கீழ் தீயணைப்புப் பிரிவு அமைந்தது. எரிந்த பிறகு கிடைத்தாலும் கிடைத்தது நன்மையே. அந்தப் பிரிவில் உள்ள இளைஞர்கள் உள்ளூரவர்கள். எந்த ஒழுங்கைக்குள் வண்டி திரும்பும், எந்தக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒரு பிரதேச சபை தன் வருமானத்தில் இதைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஆதன வரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை என்று சில்லறையாகச் சேரும் பணத்தில் டீசலும் ரயரும் மேலதிக நேரக் கொடுப்பனவும் போக வேண்டும். வண்டியோ சபையின் எல்லையைப் பார்க்க முடியாது. புதுக்குடியிருப்பில் எரிந்தால் கிளிநொச்சியிலிருந்து போகிறது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு மட்டும் ஏ35 வீதியால் ஐம்பது கிலோமீற்றர் அளவு. அந்த நேரத்தில் கரைச்சி வாக்காளருடைய கடை எரிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் தவிசாளர். செலவை ஒரு சபை ஏற்க, பயனை மாவட்டங்கள் பெறும் இந்த ஒழுங்கு நீடிக்காது. தீயணைப்பை மாகாண மட்டத்துக்கு எடுத்து, மாவட்டத்துக்கு ஒரு நிலையமாவது வைத்து, சம்பளத்தைத் திறைசேரி பொறுப்பேற்பதே நியாயம். 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன் பின் ஆளுநரின் நிர்வாகம். உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றியே இருந்தன. இப்படியான முடிவை எடுக்க வேண்டிய நாற்காலிகள் இத்தனை காலம் வெறுமையாகக் கிடந்ததும் இந்தத் தேக்கத்துக்கு ஒரு காரணம்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பரந்தனில் இரசாயனக் கைத்தொழில் வலயம் அமைக்கும் திட்டத்தை அரசு 2025 வரவு செலவுத் திட்டத்தில் சொல்லியிருக்கிறது. அந்த மண்ணில் முன்பு இருந்த தொழிற்சாலை கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தது. வேலை வரட்டும், வரவேற்கிறேன். குளோரின் கசிந்தால் காற்றின் திசை பார்த்துக் கிராமத்தை வெளியேற்றத் தெரிந்த, அதற்குரிய முகக்கவசம் உள்ள தீயணைப்புப் படை ஒன்று புதிய வலயத்தின் முதல் கொங்கிறீட்டுக்கு முன்னரே அங்கு நிற்க வேண்டும். அதைத் திட்டச் செலவில் ஒரு வரியாகச் சேர்ப்பது இப்போது எளிது, பிறகு கடினம்.

வெள்ளத்துக்கு வருவோம். 2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் விடிவதற்குள் பாடசாலைகளில் தஞ்சம் புகுந்தன. கதவுகளைத் திறந்த நேரம் சரியா என்ற விசாரணை நீண்ட நாள் பேசப்பட்டது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு மாவட்டம் தோறும் அலகு இருக்கிறது, 117 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனால் அந்த அலகுகளில் இருப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அலுவலர்கள். படகும் கயிறும் கனரக வண்டியும் ஆட்பலமும் முப்படைகளிடம். ஆகவே வெள்ளம் வந்தால் படையினர் வருகிறார்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது சுண்டிக்குளத்தில் முகத்துவாரத்தை அகலப்படுத்தப் போன கடற்படையினர் ஐவர் வெள்ளத்தில் அள்ளுண்டு போனார்கள். வன்னிக் கரையின் தண்ணீரை வடியவைக்கப் போய் உயிர் கொடுத்தவர்கள் அவர்கள்.

அந்த நன்றி இருக்கையிலேயே சொல்கிறேன்: குடிமக்களின் மீட்புச் சேவை ஒன்று வளராமல் போனதற்குப் படைகளைச் சார்ந்த இந்த வழக்கமே காரணமாகிறது. சுண்டிக்குளம் முகத்துவாரம் எப்போது உடையும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை அந்தக் கரை மீனவர்கள் தலைமுறையாக அறிவார்கள். எந்தக் குளம் முதலில் வான் பாயும், எந்தப் பாலம் முதலில் மூழ்கும் என்பது கமக்காரர் அமைப்புகளுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு மாதச் சம்பளமோ, உயிர்காப்பு அங்கியோ, பதவிப் பெயரோ இல்லை. போர் முடிந்த பின் அரசு வன்னியில் பெருமளவில் கொடுத்த வேலை சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் வேலை. முன்பள்ளி ஆசிரியைகளும் பண்ணைத் தொழிலாளரும், முன்னாள் போராளிகள் பலரும் அதில் சேர்ந்தார்கள். வேறு எந்தக் கதவும் திறக்காத நாட்களில் அந்தச் சம்பளம் அடுப்பெரிய வைத்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் பாதுகாப்பு அமைச்சின் கீழ் முன்பள்ளி நடத்த முடிந்த அரசால், சுகாதார அமைச்சின் கீழ் அதே இளைஞர்களை முதலுதவியாளர்களாக ஆக்க முடியாமல் போனதற்கு நியாயமான விளக்கம் இல்லை. அது பணத்தால் வந்த தடையல்ல. எந்தக் கணக்கில் பணத்தைப் போடுவது என்ற அரசியல் தெரிவு.

உள்ளூர் வேலை என்று சொன்னவுடன் எழும் எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நமது நாட்டில் உள்ளூர் நியமனம் என்பது பாராளுமன்ற உறுப்பினரின் பட்டியல் என்றே ஆகிவிடுகிறது. தேர்தலுக்கு முன்னர் சிற்றூழியர் நியமனம், தேர்தலுக்குப் பின்னர் இடமாற்றம். தகுதி பாராமல் ஆள் எடுத்தால் அவசர சேவையில் அதன் விலை ஒரு உயிர். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் இதற்கு மருந்து, வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவது என்று சொல்ல மாட்டேன். வெளியிலிருந்து வருபவர் முதல் நாளிலிருந்தே இடமாற்றத்துக்கான நாளை எண்ணுகிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது; பிள்ளையின் பள்ளிக்கூடமும் மனைவியின் வேலையும் வேறு ஊரில். அவர் போன பின் அடுத்தவர் வரும்வரை வெற்றிடம். தேர்வும் பயிற்சியும் நாடு முழுவதற்கும் ஒரே தரமாக இருக்கட்டும். அதில் தேறியவர்களில் மாவட்டத்தில் வசிப்பவருக்கு முன்னுரிமை கொடுத்து, பத்து ஆண்டாவது அங்கே கடமை செய்வதாக எழுதி வாங்கலாம்.

வட மாகாணத்தின் சுகாதாரத் தொண்டர்களின் அனுபவம் இதில் நமக்குப் பாடமாக இருக்கிறது. போர்க்காலத்திலும் அதன் பின்னும் சம்பளமின்றியோ சிறு கொடுப்பனவோடோ வைத்தியசாலைகளில் காயம் துடைத்தவர்கள், நோயாளியைத் தள்ளுவண்டியில் ஏற்றியவர்கள், இரவுக் காவல் இருந்தவர்கள் ஆண்டுக்கணக்காக நிரந்தர நியமனம் கேட்டு ஆளுநர் அலுவலகத்தின் முன் குந்தியிருந்தார்கள். அவர்களில் பலருக்கு வயதெல்லை கடந்தது. புதிதாக வந்த பட்டியலில் தங்கள் பெயர் இல்லை என்று அழுதவர்கள் உண்டு. ஒரு பிரதேசத்தின் மிக மோசமான நாட்களில் அவசர சேவையைச் செய்து காட்டியவர்களை, அமைதிக் காலத்தில் தகைமைச் சான்றிதழ் இல்லை என்று அரசு வாசலில் நிறுத்தியது. ஆறு மாதப் பயிற்சியும் ஒரு பரீட்சையும் கொடுத்திருந்தால் தகைமை வந்திருக்கும். அனுபவத்தை எங்கிருந்தும் வாங்க முடியாது.

அதே பிழையை இன்னொரு முறை செய்யும் நிலையில் நிற்கிறோம். வன்னியில் உள்ளூர் ஆட்களை எடுத்து, உலகத் தரத்தில் பயிற்சி கொடுத்து, ஒழுக்கமாக நடந்த பணி ஒன்று இருக்கிறது: கண்ணிவெடி அகற்றல். ஹலோ ட்றஸ்ட், மாக் போன்ற வெளிநாட்டு அமைப்புகளும், டாஷ், ஷார்ப் என்ற உள்நாட்டு அமைப்புகளும், இராணுவத்தின் பிரிவும் இதில் ஈடுபட்டுள்ளன. அந்த அமைப்புகளில் வேலை செய்பவர்களில் கணிசமானோர் இந்த மாவட்டங்களின் ஆண்களும் பெண்களும். கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் முகமாலைக் கண்ணிவெடிக் களங்களின் வெயிலில் முழங்காலில் இருந்து, அங்குலம் அங்குலமாக மண் சுரண்டினார்கள். இவர்களில் எவருக்கும் அரசியல்வாதியின் கடிதம் தேவைப்படவில்லை. பிழை விட்டால் கை போகும் தொழிலில் பயிற்சியும் ஒழுங்குமே தெரிவுக்கு அளவு. ஒவ்வொரு களத்திலும் முதலுதவி தெரிந்த ஒருவரும் ஆயத்தமாக ஒரு வாகனமும் நிற்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. வானொலியில் சுருக்கமாக அறிவித்தல், காயப்பட்டவரைத் தூக்கும் முறை, இரத்தம் நிறுத்தல், வாகனத்துக்கு வழி அமைத்தல் எல்லாம் அவர்களுக்குக் கைப்பழக்கம். உள்ளூர் ஆட்களால் தரம் குறையும் என்பவருக்கு முகமாலையே பதில்.

இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க வேண்டிய காலக்கெடு 2028 ஜூன். பணி முடிவது மகிழ்ச்சி. அதே நாளில் இந்த ஆட்கள் வேலையற்றவர்களாகப் போவது வன்னியின் இழப்பு. இவர்களில் விரும்புவோரைக் காவு வண்டிகளுக்கும், தீயணைப்பு நிலையங்களுக்கும், மாவட்ட அனர்த்த அலகுகளுக்கும் எடுப்பதற்கான பதவியணியை இப்போதே உருவாக்க வேண்டும். மாற்றுப் பயிற்சிக்கு இடம் தேடி அலையவும் தேவையில்லை. வவுனியாவில் தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறது. அதன் பட்டறையில் படித்த பிள்ளைகள் தீயணைப்பு வண்டியின் பம்பியையும் காவு வண்டியின் இயந்திரத்தையும் பார்த்துக்கொண்டால், பழுதான வண்டி மாதக்கணக்கில் வளவில் நிற்கும் காட்சியும் குறையும்.

வட்டுவாகல் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முள்ளிவாய்க்கால் பக்கமிருந்து முல்லைத்தீவு நகருக்கும் மாஞ்சோலை வைத்தியசாலைக்கும் வருகிற அந்த ஒடுங்கிய பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு வாகனமே போகலாம். மாரியில் மேலால் தண்ணீர் பாயும். அதைப் புதிதாகக் கட்டும் பணியை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2025 செப்ரெம்பர் 2இல் தொடக்கி வைத்தார். 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டிருந்தது. இதையும் அவசர சேவை முதலீடாகவே எண்ணுகிறேன். பாலம் முடிந்ததும் அதன் மேல் ஓடும் வண்டிக்குள் இருவர் இருக்க வேண்டும். அந்த இருவருடைய சம்பளம் 1,000 மில்லியனுக்குள் இல்லை.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களுக்குப் போகும் மக்கள் பிரதிநிதிகளிடமும், அவர்களைத் தெரிவு செய்த வாசகர்களிடமும் கேட்பது இது. அடுத்த கூட்டத்தில் கட்டடம் கேட்க வேண்டாம். உங்கள் மாவட்டத்தின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும், காவு வண்டிகளுக்கும், தீயணைப்புக்கும், அனர்த்த அலகுக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, இரவு பத்து மணிக்குக் கடமையில் நிற்பவர்கள் எத்தனை, அவர்களில் மாவட்டத்தில் வசிப்பவர்கள் எத்தனை என்று எழுத்தில் பதில் கேளுங்கள். கண்ணிவெடி அகற்றுவோருக்கான பதவியணி விண்ணப்பத்தை மாகாணப் பிரதம செயலாளர் ஊடாகத் திறைசேரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆளணி அங்கீகாரத்துக்கும் ஆட்சேர்ப்புக்கும் பயிற்சிக்கும் இரண்டு ஆண்டுகளாவது போகும். 2028 ஜூன் அதற்கு முன்னரே வந்துவிடும்.